புத்தம் புதிய காப்பி

2025 நவம்பர் முதல் வாரம். நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சதுரங்கப்பட்டினம் குப்பத்திலிருந்து கூட்டாளி போன் செய்தான்.

“மச்சான், நாயகன் மறுபடியும் வுடறாங்களாம்டா. ஆறாந்தேதி. மூணு டிக்கெட்டு போட்டு வை.”

“மூணாவது யாரு?”

“நம்ம ஆபரேட்டர் அண்ணன்.”

அவர் உயிரோடு இருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முப்பது வருஷமாக ஒரே பஸ் ரூட்டில்தான் இருந்திருக்கிறோம். நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. கூட்டாளி மட்டும் விட்டுவிடாமல் பொங்கலுக்குப் பொங்கல் போய்ப் பார்த்து வந்திருக்கிறான்.

நான் குடியிருக்கும் அணுபுரம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. கல்பாக்கம் அணு நிலையங்களில் வேலை செய்கிறவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு இது. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி, திருக்கழுக்குன்றம் சாலையில் இருக்கிறது. அளவெடுத்த தெருக்கள், ஒரே அச்சில் வார்த்த வீடுகள், பள்ளிக்கூடம், கடைகள் எல்லாம் உண்டு. சினிமா தியேட்டர் கிடையாது. பிள்ளைகளோடு வந்து தங்குகிற அப்பா அம்மாக்களைத் தவிர்த்தால் கிழவர்களும் கிடையாது. அறுபது வயதானால் வேலை முடிந்தது, வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். யாருடைய இளமைக்கும் இங்கே பட்டா இல்லை, அலாட்மென்ட்தான். என் சாவி 2027-ல் திரும்புகிறது.

என் இளமை நடந்தது இந்தச் சுற்றுச்சுவருக்கு வெளியே. இதே சாலையில் இருக்கிற ஒரு கிராமத்தில் பிறந்தவன் நான். சின்ன வயதில் எங்களுக்கு இருந்தது கீற்றுக் கொட்டகை. பொழுது சாய்ந்தால்தான் படம். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்டால் வீட்டில் அவசர அவசரமாகச் சோறு போடுவார்கள். அந்தப் பாட்டு ஓடும் நேரத்துக்குள் சாப்பிட்டுக் கை கழுவி ஏரிக்கரையைத் தாண்டிவிடலாம். தரை டிக்கெட்டுக்கு மணல்தான் ஆசனம். முன்னால் இருக்கிறவன் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவோம். பின்னால் இருக்கிறவன் அதைவிட உயரமாகக் குவிப்பான். இடைவேளைக்குள் கொட்டகையில் பாதி ஊர் மலையேறியிருக்கும்.

1984 ஜனவரியில் கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. கம்பிகள் எங்கள் தலைக்கு மேலேயே போயின. எங்கள் கொட்டகை மட்டும் டீசல் ஜெனரேட்டரில் ஓடியது. சண்டைக் காட்சியில் ஜெனரேட்டர் இருமினால் எம்.ஜி.ஆரின் குரலும் சேர்ந்து இழுக்கும். பின்னாளில் அதே நிலையங்களில் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, “இனிமேலாவது கொட்டாய்க்கு நல்ல கரண்டு குடுப்பீங்களாடா?”

அந்தக் கொட்டகைக்கு வந்த படங்களில் புதுப்படம் என்று ஒன்றுகூட இருந்ததில்லை. சினிமா வியாபாரத்தில் ஊர்களை ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று பிரிப்பார்கள். ஒரு படம் சென்னையிலும் பெரிய ஊர்களிலும் ஓடி அலுத்து, தாலுகா தலைநகரில் ஓடி, கடைசியாகத்தான் சி சென்டருக்கு இறங்கும். அதற்குள் பிரிண்ட் முழுக்கக் கோடு விழுந்திருக்கும். ‘படத்துல மழை பெய்யுது’ என்போம். பாலைவனக் காட்சியிலும் எங்களுக்கு மழைதான். வாரம் ஒரு படம் என்றால் அதில் முக்கால்வாசி எம்.ஜி.ஆர், சிவாஜி, ஜெமினி. நான் பிறப்பதற்கு முன்னாலேயே வெளியான படங்கள். அவற்றின் சுவரொட்டியில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: ‘புத்தம் புதிய காப்பி’. படம் பழசுதான், காப்பிதான் புதுசு என்று அர்த்தம். காப்பியும் பழசு என்பது உள்ளே போனதும் தெரிந்துவிடும். ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி அதே வரியை நம்பிப் போவோம்.

இன்றைக்கு ‘ரீ-ரிலீஸ்’ என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம். எங்களுக்கு வாய்த்தது எல்லாமே ரீ-ரிலீஸ். பழைய படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் எங்கள் ஊரில் சினிமா பார்ப்பது.

இங்கே ஒரு கிளைக்கதை. சினிமா விநியோகத்தில் எங்கள் பக்கத்துக்கு ‘என்.எஸ்.சி’ என்று பெயர். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டம் சென்னையைச் சுற்றி வளைத்துக் கிடந்ததால், தாம்பரம் அம்பத்தூர் ஆவடி எல்லாம் சினிமாக்காரர்களுக்குச் செங்கல்பட்டு ஏரியாதான். 1997-ல் மாவட்டத்தைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரித்தபோது செங்கல்பட்டு என்ற மாவட்டமே அரசாங்க வரைபடத்தில் இல்லாமல் போனது. 2019 நவம்பர் 29-ல் திரும்ப வந்தது. நடுவில் இருந்த இருபத்திரண்டு வருஷமும் அந்தப் பெயரை விடாமல் வைத்துக்கொண்டிருந்தது சினிமாக்காரர்களின் கணக்குப் புத்தகம்.

நாயகனுக்கு வருகிறேன். 1987 அக்டோபர் 21, தீபாவளி. ஒரே நாளில் கமலுக்கு நாயகன், ரஜினிக்கு மனிதன். எனக்கு இருபது வயது. கூட்டாளிக்கும் அதேதான். எங்கள் ஊருக்கு மனிதன் முதலில் வந்துவிட்டது. நாயகன் வந்து சேர அடுத்த சித்திரை ஆனது. அதற்குள் கீற்றுக் கொட்டகை போய், செங்கல் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுமாகத் தியேட்டர் எழும்பியிருந்தது. சரிவாக வார்த்த சிமெண்ட் தரை, இரண்டு மெஷின். ஆபரேட்டர் மட்டும் அதே அண்ணன். பெயர் வேண்டாம். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

எங்களுக்கெல்லாம் அவர்தான் கதாநாயகன். மெஷின் ரூமுக்குள் பார்த்தால், இரண்டு கார்பன் குச்சிகள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நெருங்கி நிற்க, நடுவில் வெல்டிங் போல வெளிச்சம் எரியும். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும். திருகித் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கண் அயர்ந்தால் திரையில் கதாநாயகி மஞ்சளாவாள், பிறகு பழுப்பாவாள், பிறகு ஜனம் விசிலடிக்கும். ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிடம் ஓடும். முடிகிற நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு தோன்றி மறையும். அடுத்த மெஷினைத் தயார் செய் என்று ஆபரேட்டருக்குச் சைகை. இரண்டாவது பொட்டுக்கு மாற்றியாக வேண்டும். ஜனத்துக்கு அந்தப் பொட்டு கண்ணில் படாது. எங்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் எந்தக் காதல் காட்சியிலும் எங்கள் கண் வலது மூலையில்தான்.

எரிந்து மிஞ்சிய கார்பன் துண்டும் அறுந்துபோன ஃபிலிம் துண்டும் எங்களுக்குச் சொத்து. ஃபியூஸ் போன பல்பின் அடியை உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் லென்ஸ் ஆயிற்று. வாசலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்ப, இருட்டறையில் அப்பாவின் வேட்டிமேல் சரோஜாதேவி தலைகீழாக வந்து நிற்பார்.

நாயகனை நாங்கள் மூன்று தடவை பார்த்தோம். தூத்துக்குடியிலிருந்து பம்பாய்க்கு ஓடிப்போகிற சிறுவன், தாராவி, உப்பு மூட்டை, கடத்தல் படகு. அந்தத் தாராவியில் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட் என்று வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். தேசிய விருது கமலுக்கு, பி.சி. ஸ்ரீராமுக்கு, தோட்டா தரணிக்கு. இளையராஜாவுக்கு அது நானூறாவது படம். 2005-ல் டைம் பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான நூறு படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. எங்கள் தியேட்டரில் அது ஒரு வாரம் ஓடியது.

மூன்று தடவை பார்த்தும், குயிலி ஆடுகிற படகுப் பாட்டு அந்தப் படத்தில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளில் டிவியில் பார்த்தபோது ஏதோ வேறு படத்தை நடுவில் சொருகிவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஊர்க் காப்பியில் அது கிடையாது. குப்பத்து ஜனம் பாதிப்பேர் வந்து உட்காருகிற தியேட்டர். கடலும் படகுமாக இருந்த ஒரே பாட்டை அங்கே காட்டவில்லை.

காரணம் தெரியவர முப்பத்தேழு வருஷம் ஆனது.

இதற்கிடையில் சினிமா உலகம் எங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. 2012 மார்ச் 16-ல் கர்ணன் வந்தது நினைவிருக்கும். பி.ஆர். பந்துலு எடுத்து 1964 பொங்கலுக்கு வெளியான படம். டிஜிட்டலில் துடைத்து, ஒலியைப் பிரித்துச் சேர்த்து வெளியிட்டார்கள். நூறு நாளைத் தாண்டி ஓடியது. சிவாஜி கர்ணனாகவும் என்.டி. ராமராவ் கண்ணனாகவும் வந்து நின்றதைப் பார்க்கத் தாத்தாக்கள் பேரன்களைக் கையில் பிடித்து அழைத்துப் போனார்கள். 2014 மார்ச்சில் ஆயிரத்தில் ஒருவன் வந்து வெள்ளிவிழா கொண்டாடியது. விண்ணைத்தாண்டி வருவாயா சென்னை அண்ணா நகரில் ஒரு மால் தியேட்டரில் ஒரு காட்சி, ஒரு காட்சி என்றே ஆயிரம் நாளைத் தாண்டிவிட்டது. மும்பை மராத்தா மந்திரில் 1995-லிருந்து ஒரு இந்திப் படம் ஓடுகிறதே, அந்த மாதிரி.

தியேட்டர்காரர்களுக்குக் கணக்கு எளிது. காப்பி என்று இப்போது எதுவும் கிடையாது, பெட்டி தூக்கும் செலவும் கிடையாது. படம் எப்படி இருக்குமோ என்ற பயம் இல்லை. பெரிய நடிகர்களின் புதுப்படம் வராத வாரங்களில் திரை சும்மா கிடப்பதைவிட இது மேல். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மனக்குறை வேறு இடத்தில். படங்கள் திரும்பி வருகின்றன. அவற்றைத் திரும்பத் திரும்பக் காட்டிய தியேட்டர்கள் திரும்பி வரவில்லை. எங்கள் தியேட்டர் இப்போது சிமெண்ட் குடோன். போன வருஷம் ஒரு மூட்டை வாங்கப் போனேன். மெஷின் ரூமின் இரண்டு சதுர ஓட்டைகள் சுவரில் அப்படியே இருக்கின்றன. சரிந்த தரையில் மூட்டை அடுக்கினால் சாய்கிறது என்று குடோன்காரர் அலுத்துக்கொண்டார். எவனோ மேஸ்திரி மட்டம் தெரியாமல் கட்டிவிட்டானாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய படம் பார்க்க இன்று நான் போக வேண்டியது செங்கல்பட்டுக்கு, அல்லது கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானத்தூர் மாயாஜாலுக்கு, அல்லது சென்னைக்கே. டிக்கெட், பெட்ரோல், பாப்கார்ன் என்று போட்டால் நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரக் காய்கறிச் செலவு. தரை டிக்கெட்டில் பிறந்த படங்கள் சாய்வு நாற்காலிக்குப் போய்விட்டன. நூறு ரூபாய்க்குள் இருக்கும் டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பழைய படத்தையாவது அந்த நூறு ரூபாய்க்குள் வைக்கலாம். வைக்கிற தியேட்டர்கள் இருக்கின்றன, நிறைகின்றன.

கில்லி கதையையும் சொல்லிவிடுகிறேன். 2004 ஏப்ரலில் அது முதலில் வந்தபோது என் மகளுக்கு எட்டு வயது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கண்ணோடு அவளையும் மனைவியையும் அழைத்துப் போனேன். இருபது வருஷம் கழித்து, 2024 ஏப்ரல் 20-ல் அது திரும்ப வந்தது. முந்தின நாள்தான் தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல். பெங்களூரிலிருந்து ஓட்டுப் போட வந்த மகள் விடவில்லை. தியேட்டரில் கை தூக்கி ஆடியவர்களில் முக்கால்வாசிப் பேர் விரலில் மை இருந்தது. கொஞ்சம் பேருக்கு அது முதல் ஓட்டாக இருக்கும், படம் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். பிரகாஷ்ராஜ் ‘செல்லம்’ என்று வாயெடுப்பதற்கு முன்னாலேயே தியேட்டர் மொத்தமும் அந்தச் சொல்லைச் சொல்லி முடித்துவிட்டது.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கலங்கரை விளக்கக் காட்சியில் ஆர்வம் தாங்காமல் மகளிடம், “இப்ப எப்படி தப்பிப்பாங்க?” என்று கேட்டுவிட்டேன்.

திரும்பி என்னைப் பார்த்தாள். “அப்பா, அன்னிக்கு நீ முழுப் படமும் தூங்கிட்டே. எனக்குத் தெரியும்.”

உண்மைதான். எனக்குக் கில்லி 2024-ல் வந்த படம்.

அதே 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்ளே வந்தது. கல்பாக்கம் குடியிருப்பும் குப்பங்களும் என்ன பாடுபட்டன என்பதை இந்தக் கட்டுரையில் சொல்லப் போவதில்லை. உள்ளே தள்ளி இருந்ததால் அணுபுரம் தப்பியது. எங்கள் இரண்டு அறை வீட்டில் கொஞ்ச நாள் மூன்று குடும்பம் இருந்தோம். கூட்டாளியின் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை. படகு, வலை, ஓலை வேய்ந்த சமையலறை எல்லாம் போயின. நிவாரண மனுவில் படகுக்கு, வலைக்கு, இன்ஜினுக்கு என்று கட்டம் கட்டமாக இருந்தது. எல்லாவற்றையும் நிரப்பினான். மாசங்கள் கழித்து ஒருநாள் கரையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தபடி, “பாட்டுப் பொஸ்தகப் பெட்டியும் பூட்ச்சிடா” என்றான்.

பாட்டுப் புத்தகம் இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. படத்தின் பாடல்களையெல்லாம் அச்சடித்து, முன்னால் ஒரு பக்கம் கதைச் சுருக்கம் போட்டு, இடைவேளையில் முறுக்கோடு விற்பார்கள். கதைச் சுருக்கம் சரியான நெருக்கடியில் நின்றுவிடும். கீழே, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’. படிக்கத் தெரியாத மீனவர்கள் நடுவில் என் கூட்டாளிதான் அதை உரக்கப் படிப்பவன். ஏழாவதோடு படிப்பை விட்டவனுக்குத் தமிழ் மறக்காமல் இருந்ததே அந்தப் புத்தகங்களால்தான். தகரப் பெட்டியில் இருநூறுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தான். அதற்கு மனுவில் கட்டம் இல்லை.

பாட்டுப் புத்தகம் என்ன, படமே போன ஊர் இது. 1931 அக்டோபர் 31-ல் வெளியான தமிழின் முதல் பேசும் படம் காளிதாஸுக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. ஓடித் தேய்ந்த பிரிண்ட்டுகளை வெள்ளி எடுக்கக் கழுவினார்கள், மிச்சத்தைக் குப்பையில் போட்டார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-ல்தான், கர்ணன் வந்த வருஷம். கர்ணனைத் துடைத்துக் கொடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கில் கும்பிடு போடத்தான் வேண்டும்.

நவம்பர் ஆறாம் தேதி சாயங்காலம் ஆபரேட்டர் அண்ணனை வீட்டில் போய் ஏற்றிக்கொண்டோம். எழுபத்தைந்து வயது. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி, கையில் மஞ்சப் பை. பையில் என்ன என்று கேட்டோம். “சும்மா, ஸ்க்ரூ டிரைவர்” என்றார். இருவரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் போனிலேயே ஏதோ காட்டி உள்ளே போனது அவருக்குப் பிடிக்கவில்லை. டிக்கெட்டைக் கிழிக்கிற பையனைத் தேடினார்.

பாதி நாற்காலிகள் நிறைந்திருந்தன. எங்கள் வயதுக்காரர்கள் கொஞ்சம், பிள்ளைகள் நிறைய. படம் ஆரம்பித்ததும் அண்ணன் திரையைப் பார்க்காமல் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து பின்சுவரைப் பார்த்தார். ஒளி வருகிற ஓட்டை ஒன்றுதான் இருந்தது.

“உள்ள யார்ரா இருக்காங்க?”

“யாரும் இல்லண்ணே. கம்ப்யூட்டர்ல டைம் வச்சுட்டுப் போயிடுவாங்க. அதுவா ஓடும்.”

“அறுந்தா?”

“அறுக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லண்ணே.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பிப் படம் பார்க்க ஆரம்பித்தார். கண் மட்டும் அவ்வப்போது வலது மேல் மூலைக்குப் போய்ப் போய் வந்தது. எனக்கும் போனது. கூட்டாளிக்கும் போனது. பொட்டு வரவில்லை.

படம் பளிச்சென்று இருந்தது. மழை ஒரு துளியும் இல்லை. நாற்பது வருஷமாக நான் இருட்டு என்று நினைத்திருந்த மூலைகளில் முகங்கள் இருந்தன. எங்கள் காப்பியின் இருட்டில் எவ்வளவு பி.சி. ஸ்ரீராம் வைத்தது, எவ்வளவு தேய்ந்துபோன கார்பன் வைத்தது என்று அன்றுதான் பிரித்துப் பார்க்க முடிந்தது. மகன் பிணத்தின் முன்னால் வேலு நாயக்கர் உடைந்து அழுகிற இடம் வந்தது. தொண்ணூறுகளில் அந்த அழுகையை மிமிக்ரி செய்யாத மேடை கிடையாது. நானே எங்கள் ரிக்ரியேஷன் விழாவில் செய்து கைதட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு முன்வரிசைப் பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். கோபம் வரவில்லை. இருபது வயதில் நாங்களும் சிரித்தவர்கள்தான்.

படம் வந்தபோது கமலுக்கு முப்பத்திரண்டு வயது. அந்த வயதில் கிழவனின் துக்கத்தை அவர் சரியாகப் பிடித்துவிட்டார் என்று இப்போது சொல்ல முடிகிறது. கிழவனின் நடையைப் பிடித்ததில் எனக்குச் சந்தேகம் உண்டு. அறுபது அவ்வளவு மெதுவாக நடக்காது. ஐம்பத்தெட்டில் நான் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். பம்பாய் தாதாவுக்கு ஓட வேண்டிய பஸ் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கெல்லாம் முன்னாலேயே, இடைவேளைக்கு முன்பு, அந்தப் படகுப் பாட்டு வந்தது. கூட்டாளி என் தொடையில் தட்டினான். அண்ணன் பக்கம் குனிந்து, முப்பத்தேழு வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டான்.

“ஏண்ணே, இத்த மட்டும் எங்களுக்குக் காட்டவே இல்லியே நீ? காப்பி வரும்போதே வெட்டிட்டு வந்துச்சா?”

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “காப்பி முழுசாத்தான் வந்துச்சு. பாட்டு வந்தா நீங்கல்லாம் பீடி பிடிக்க வெளிய பூடுவீங்க. காலி பெஞ்சுக்கு எதுக்குடா கார்பன எரிக்கணும்? குச்சி என்னா வெல தெரியுமா அப்போ? மொதலாளி எண்ணிக் குடுப்பாரு.”

“ரெண்டாவது ஆட்டம் சீக்கிரம் முடிஞ்சா நீயும் வூட்டுக்குப் போலாம்” என்றான் கூட்டாளி.

“அதுவுந்தான்.”

ஆக, என் நாயகனுக்கு எடிட்டர்கள் மூன்று பேர். இரண்டு பேர் பெயர் டைட்டிலில் இருக்கிறது. மூன்றாமவர் மஞ்சப் பையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாட்டு அழகான பாட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு இன்றும் அது வேறு யாருடைய படத்திலிருந்தோ வந்த மாதிரியே இருக்கிறது. நான் பார்த்த காப்பியை எந்தக் கம்ப்யூட்டராலும் துடைத்துத் தர முடியாது. உங்கள் ஊரில் அந்தப் பாட்டு இருந்திருக்கும், வேறு ஏதோ ஒன்று இருந்திருக்காது. வந்தவாசியில் பார்த்தவரும் மதுராந்தகத்தில் பார்த்தவரும் உட்கார்ந்து பேசினால் ஒரே பெயரில் இரண்டு படம் வெளியே வரும்.

இடைவேளையில் அண்ணன் பாப்கார்ன் விலையைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். கூட்டாளி பாட்டுப் புத்தகம் விற்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டி, “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று வராந்தாவில் கத்தினான். பிள்ளைகள் போனை எடுத்து அவனைப் படம் பிடித்தார்கள்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் எல்லாரும் எழுந்தார்கள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பெயர் ஓடி, திரை வெள்ளையாகும்வரை உட்கார்ந்திருந்தார். அதுவரை ஆபரேட்டர் மெஷினை விட்டு நகரக் கூடாதாம். வெளியே வந்து, வண்டி எடுக்கப் போன கூட்டாளிக்காகக் காத்திருந்தபோது கேட்டேன்.

“எப்படிண்ணே இருந்துச்சு?”

மஞ்சப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு யோசித்துச் சொன்னார்.

“காப்பி சுத்தமா இருக்கு தம்பி. ஃபோகஸ்தான் எடது பக்கம் கொஞ்சம் அவுட்டு. உள்ள ஆள் இருந்திருந்தா திருகியிருப்பான்.”